மாடி காலியாகிறது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சாதி கேட்டு வீடு மறுப்பவர்களைக் கண்டித்து நீங்கள் சென்ற வாரம் எழுதியிருந்ததைப் படித்தேன். மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். முப்பது ஆண்டுச் சேமிப்பிலும் வங்கிக் கடனிலும் கட்டிய வீடு என்னுடையது. கீழே நானும் மனைவியும் இருக்கிறோம். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் வீட்டில் யாரைக் குடிவைப்பது என்று தீர்மானிக்க எனக்கு உரிமை இல்லையா? நாங்கள் சைவம். மேலே மீன் வறுத்தால் அன்று முழுக்க என் மனைவிக்குச் சாப்பாடு இறங்காது. இதைச் சாதி வெறி என்பீர்களா? சமத்துவம் என்று சொல்லிக்கொண்டு அரசாங்கம் இன்று என் வாசற்படி ஏறினால், நாளை சமையலறைக்குள்ளும் வரும். சமத்துவத்தைக் கூட்டினால் சுதந்திரம் குறையத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்றே நினைக்கிறேன்.

மாடி அடுத்த மாதம் காலியாகிறது. நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)
ஈரோடு

*

அன்புள்ள நண்பருக்கு,

வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. இப்படி நினைப்பவர்கள் நிறையப் பேர். எழுதிக் கேட்பவர்கள் குறைவு.

மீனிலிருந்தே தொடங்குகிறேன். மேல்வீட்டுச் சமையல் வாசம் கீழ்வீட்டாருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது உண்மையான கஷ்டம். அதைச் சாதி வெறி என்று நான் சொல்ல மாட்டேன். குடிவருகிறவரிடம் முன்கூட்டியே அதைச் சொல்லிவிடுவதிலும் தவறில்லை. இரவு பத்து மணிக்கு மேல் மாவரைக்க வேண்டாம், மோட்டாரைப் போட்டால் அணைக்க மறக்க வேண்டாம் என்று சொல்வதைப் போன்றதுதான் அது. முடியும் என்பவர் வருவார், முடியாதவர் வேறு வீடு பார்ப்பார்.

ஆனால் ‘சைவம்’ என்ற சொல் வாடகை வீட்டு வாசலில் வேறு என்ன வேலை செய்கிறது என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, என்னோடு வேலை பார்த்த நண்பருக்காக இருவரும் வீடு தேடி அலைந்தோம். வள்ளலாரைப் படித்து இளம்வயதிலேயே புலால் விட்டவர் அவர். முட்டைகூடத் தொடமாட்டார். ‘வாடகைக்கு விடப்படும், சைவம் மட்டும்’ என்று சாக்கட்டியால் எழுதிய பலகையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வீட்டுக்காரப் பெரியவர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். இரண்டு அறைகள், கிணற்றடி, துணி காயப்போட நீளமான கொடி. வாடகையும் அட்வான்சும் பேசி முடித்தாயிற்று. அப்போதுதான் பெரியவர், “சைவம் என்றால், பிள்ளைமாரா, முதலியாரா?” என்று கேட்டார். “வள்ளலார் வழி ஐயா” என்றார் நண்பர். பெரியவர் சிரித்துக்கொண்டே சொந்த ஊரைக் கேட்டார். பிறகு, “அந்த ஊரில் எங்கே? கோயில் பக்கமா?” என்றார். நண்பர் ஒன்றும் சொல்லாமல் குடும்ப அட்டையின் நகலை எடுத்து நீட்டினார். முகவரியில் ‘காலனி’ என்று இருந்தது.

பெரியவர் அந்தத் தாளை இரண்டாக மடித்தார். மடித்த இடத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, “தம்பி மகன் குடிவருவதாகச் சொல்லியிருந்தான், எனக்கு மறந்தே போய்விட்டது” என்றார். நண்பர் பாதி மோரோடு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். பஸ் நிறுத்தம் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த மாதத்தில் அது அவருக்கு ஏழாவது வீடு.

தலித் குடியிருப்புகளைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது எனக்கு அந்த மடிப்புதான் கண்முன் வந்தது.

ஏழு வீட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். கூடிப் பேசி முடிவெடுத்தவர்களும் இல்லை. ‘என் வீடு, என் விருப்பம்’ என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். நண்பரின் பக்கமிருந்து பார்த்தால் அந்த ஏழு விருப்பங்களும் சேர்ந்து ஓர் ஊர்க் கட்டுப்பாடு ஆகிவிட்டன. கையில் பணம் இருந்தும் வேலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சுதந்திரம் அவருக்கு இல்லை. அன்றாடம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வந்தார். சமத்துவத்துக்கும் சுதந்திரத்துக்கும் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு தரப்பின் சுதந்திரம் மட்டும்தான் கணக்கில் வந்திருக்கிறது. இங்கே மோதிக்கொள்வது இருவருடைய சுதந்திரம்.

‘இது என் சொத்து’ என்ற வாதத்துக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. மகாராஷ்டிரத்தில் உள்ள மகத் என்ற ஊரின் சவுதார் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் அதை ஏற்றுக் குளத்தைத் திறந்துவிட்டது. தாளில்தான். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரின் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். அடிதடி நடந்தது. சாதி இந்துக்கள் குளத்துக்குத் ‘தீட்டுக்’ கழித்தார்கள். இதெல்லாம் பரவலாகத் தெரிந்த கதை. பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் நம் பேச்சுக்கு முக்கியம். நீதிமன்றத்துக்குப் போனார்கள். குளம் பொதுச்சொத்தே அல்ல, சாதி இந்துக்களுக்கு உரிய தனிச்சொத்து என்று அம்பேத்கர் மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்த டிசம்பரில் இரண்டாம் மாநாட்டுக்கு மக்கள் திரண்டபோது இடைக்காலத் தடை கையில் வந்துவிட்டது. அம்பேத்கர் தடையை மதித்துக் குளத்தில் இறங்காமல் திரும்பினார். பம்பாய் உயர் நீதிமன்றம் 1937 மார்ச் 17 அன்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. தண்ணீர் குடித்த நாளிலிருந்து கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள். வேற்று மதத்தாரையும் பறவை விலங்குகளையும் அந்தக் குளத்தில் யாரும் தடுத்ததில்லை என்பதை அம்பேத்கர் அந்த மாநாட்டு உரையிலேயே சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டை அந்தக் குளத்தோடு நான் ஒப்பிடவில்லை. உங்கள் வீடு உண்மையாகவே உங்களுடையது. தனிச்சொத்து என்ற சொல்லை யாரும் எங்கே வேண்டுமானாலும் ஏற்றிவைத்துவிடலாம் என்பதற்காகச் சொன்னேன்.

அரசு சமையலறைக்குள் வந்துவிடும் என்ற உங்கள் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அப்படி வந்ததுண்டு. 1958இல் சீனாவில் கம்யூன்கள் என்ற கூட்டுப் பண்ணை அமைப்புகளை உருவாக்கியபோது வீட்டு அடுப்பை அணைக்கச் செய்து எல்லாரையும் பொதுச் சாப்பாட்டுக் கூடங்களுக்கு வரச் சொன்னார்கள். வீட்டு இரும்புச் சட்டிகள் இரும்பு உருக்கும் உலைக்குள் போயின. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்கள் செத்தார்கள். சொந்தமாக ஒரு சட்டியும் ஒருபிடி தானியமும் இல்லாத மனிதனுக்கு எதிர்த்துப் பேச எந்தப் பிடிமானமும் கிடையாது. ஆகவே வீடு, கதவு, தாழ்ப்பாள் என்று ஒருவருக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சிதான்.

அந்த இடம் எதுவரை நீளும் என்பதுதான் கேள்வி. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்காவில் வீட்டு உரிமைச் சட்டம் வந்தது. நிறம், மதம், பூர்வீகம் பார்த்து வீடு மறுப்பது சட்டவிரோதம் என்றது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது. நான்கு குடித்தனங்களுக்கு மேல் இல்லாத கட்டடத்தில் வீட்டுக்காரரும் குடியிருந்தால் இந்த விதி பெரும்பாலும் அவரைக் கட்டாது. ‘மிஸஸ் மர்ஃபி விலக்கு’ என்பார்கள். விதவைக் கிழவி ஒருத்தி தன் வீட்டில் ஓரிரு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள் என்று வைத்துக்கொண்டு, விவாதத்தில் அவளுக்குக் கொடுத்த கற்பனைப் பெயர் அது. அந்த விலக்கின் பேரிலும் அநியாயம் நடந்திருக்கும், சந்தேகமில்லை. இருந்தாலும் கோடு போட்ட விதம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரே கூரையின் கீழ் நீங்கள் வசிக்கும் வீடு வேறு. அறுபது வீடுகள் கட்டி விற்கும் நிறுவனம் வேறு. எல்லாருக்கும் பொதுவாக வெளியிடும் வாடகை விளம்பரமும் புரோக்கர் தொழிலும் வேறு.

நம்மூரில் சட்டம் பாதி வழியில் நிற்கிறது. கடை, உணவகம், கிணறு, சாலை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது அரசமைப்பின் 15ஆவது பிரிவு. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே இடம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் சுதந்திரத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்ட தீர்ப்பு அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறுபான்மை ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன நியாயத்தை ஆதிக்க சாதிச் சங்கங்கள் இரவல் வாங்கிக்கொள்ளும். தீண்டாமையின் பேரில் வீடு மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம்தான். ஆனால் “தம்பி மகன் குடிவருகிறான்” என்ற பதிலுக்கு எதிராக என் நண்பர் எந்தச் சாட்சியைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், சமத்துவம் இல்லாத சுதந்திரம் சிலரைப் பலர்மீது ஏற்றிவைக்கும் என்றார். சுதந்திரம் இல்லாத சமத்துவம் தனிமனித முனைப்பைக் கொன்றுவிடும் என்றார். இரண்டும் இயல்பாக நடக்க மூன்றாவதாகச் சகோதரத்துவம் வேண்டும், இல்லையென்றால் போலீஸ்காரரை நிறுத்தித்தான் நடத்த வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். உங்கள் வாசற்படியில் போலீஸ்காரர் ஏறுவதை நானும் விரும்பவில்லை. அதனால்தான் உங்கள் மாடியைப் பொறுத்தவரை சட்டத்தை எடுத்துக்கொண்டு வராமல் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் வீடு பார்க்க வருபவரிடம் மீனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள், உங்கள் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது என்ற காரணத்தையும் சேர்த்து. வாடகை எந்தத் தேதிக்குள் வேண்டும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், வண்டியை எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் பேசுங்கள். வேலை பார்க்கும் இடத்தை விசாரியுங்கள். சொந்த ஊரில் எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள். அவராகச் சொன்னாலும், கொடுத்த மோரை முழுவதும் குடித்து முடிக்கும்படி உட்காரவையுங்கள்.

அன்புடன்.