அழுதால் விசுவாசம் போய்விடுமா?

கேள்வி: என் கணவருக்கு வேலை போய்ப் பல மாதங்களாகின்றன. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். சபையில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் சாட்சி கெட்டுவிடுமோ என்று பயம். சென்ற வாரம் ஜெபக்கூட்டத்தில் என்னை அறியாமல் அழுதுவிட்டேன். மூத்த சகோதரி ஒருவர், "விசுவாசி இப்படி அழக்கூடாது. சந்தோஷம் இல்லையென்றால் விசுவாசமும் இல்லை" என்றார். அதற்குப் பிறகு கூட்டத்துக்குப் போகவே பிடிக்கவில்லை. 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்ற கட்டளையை நான் மீறுகிறேனா? இப்படிப்பட்ட நாட்களில் சந்தோஷத்தை எப்படிக் காத்துக்கொள்வது?

பதில்: சகோதரி, நீங்கள் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர் நீதிமொழிகள் 25:20ஐக் கவனித்ததாகத் தெரியவில்லை. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போன்றவன் என்கிறது அந்த வசனம். நடுங்கிக்கொண்டிருப்பவரிடமிருந்து போர்வையை உருவிக்கொண்டு, "குளிர்கிறது என்று சொல்லாதே, விசுவாசமாயிரு" என்று புத்தி சொல்வதை எதில் சேர்ப்பது?

சரி, அவரை விடுவோம். நீங்கள் கேட்ட வசனத்துக்கு வருகிறேன். 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்பது பிலிப்பியர் 4:4. காலண்டரில் அது தன்னந்தனியாக நிற்கிறது. பவுல் அதை நான்கு அதிகாரமுள்ள ஒரு கடிதத்துக்குள் எழுதினார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. பிழைப்பாரா, சாவாரா என்பது முதல் அதிகாரத்தில் இன்னும் முடிவாகவில்லை. இரண்டாம் அதிகாரத்தில், பிலிப்பி சபையார் தன்னிடம் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, 'துக்கத்தின்மேல் துக்கம்' தனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். அப்படியானால் முதல் துக்கம் ஒன்று ஏற்கெனவே அவரிடம் இருந்திருக்கிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை. மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில் 'இப்பொழுது கண்ணீரோடும் சொல்லுகிறேன்' என்று எழுதுகிறார். அங்கிருந்து சில வரிகள் தள்ளித்தான் நம் காலண்டர் வசனம் வருகிறது. கண்ணீரும் சந்தோஷமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்த ஜெபக்கூட்டத்தில் பவுல் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு கண்டிப்பு கிடைத்திருக்கும்.

லாசருவின் கல்லறையருகே ஆண்டவரே அழுதார், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறார் என்பது தெரிந்திருந்தும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொருவரைச் சொல்கிறேன், ஏனென்றால் அவரைச் சந்தோஷமில்லாத விசுவாசி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன். 1856 அக்டோபரில், லண்டனில் சர்ரே கார்டன்ஸ் அரங்கில் அவர் ஆயிரக்கணக்கானோர் முன் பேசியபோது யாரோ 'தீ' என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்துபோனார்கள். அவருக்கு அப்போது வயது 22. அந்த அடியும் அதோடு மனச்சோர்வும் வாழ்நாள் முழுக்க அவரை விட்டு விட்டுப் பிடித்தன. ஊழியத்துக்குப் படிக்க வந்த மாணவர்களிடம் இதை ஒளிக்காமல் பேசினார். 1892இல் இறக்கும்வரை பிரசங்கியாராகவே இருந்தார். அவருடைய விசுவாசத்தை அளக்க நம்மிடம் எந்த அளவுகோலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் சந்தோஷம் என்பது எது? லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அனுப்பிய எழுபது பேர் ஊழியம் முடிந்து குதூகலமாகத் திரும்பி வருகிறார்கள். பிசாசுகளும் தங்களுக்குக் கீழ்ப்படிந்ததாம். ஆண்டவர் அதை மெச்சிவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனால், அதற்காகச் சந்தோஷப்படாமல், 'உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்' என்றார். ஜெயித்து வந்த நாளில் இதைச் சொன்னார் என்பதுதான் விசேஷம். அன்றைய வெற்றியில் மாட்டி வைத்த சந்தோஷம் நாளைய தோல்வியில் கழன்று விழும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் கணவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தபோது இருந்த நிம்மதி நல்ல நிம்மதிதான், தேவன் கொடுத்ததுதான். அது போனது நஷ்டம், நஷ்டத்துக்கு அழலாம். பரலோகத்தில் எழுதப்பட்ட பெயர் அதோடு போகவில்லை. உங்கள் முகம் வாடியிருக்கும் நாளிலும் அது அழியாமல் இருக்கிறது.

"இதெல்லாம் தெரியும் ஐயா, ஆனால் மனதுக்குள் ஒன்றும் வரவில்லையே" என்பீர்கள். ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று நாம் பாட்டாகப் பாடுகிற பகுதி 17ஆம் வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் பாடுவதில்லை. அதில் தீர்க்கதரிசியின் குடல் குழம்புகிறது, உதடு துடிக்கிறது, எலும்பில் உக்கல் உண்டாகிறது, நின்ற நிலையில் நடுங்குகிறார். அந்த நடுக்கம் நின்றதாக எங்கும் எழுதவில்லை. அந்த உதட்டோடுதான் கணக்குப் பார்க்கிறார்: அத்தி இல்லை, திராட்சை இல்லை, ஒலிவ எண்ணெய்க்கு வழியில்லை, வயலில் தானியமில்லை, கிடையில் ஆடில்லை, தொழுவத்தில் மாடில்லை. ஒரு குடும்பம் சாப்பிடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் வரிசையாகப் போய்விட்டது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை, 'இன்னும் மாடாவது மிச்சமிருக்கிறதே' என்று ஆறுதல் தேடவும் இல்லை. அப்புறம், 'ஆனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்கிறார். 'இருப்பேன்' என்கிறவர் அந்த நிமிடத்தில் என்ன உணர்ந்தார் என்று சொல்லவில்லை. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பப் போகிறார் என்று சொல்கிறார். நீங்களும் இதைச் செய்யலாம். இராத்திரி மாமியார் தூங்கின பிறகு இல்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, வாய்விட்டு, தேவனிடம் சொல்லுங்கள்: வேலை, வாடகை, மருந்துச் செலவு, தூக்கம். அழுகை வந்தால் வரட்டும். சொல்லி முடித்த பிறகு 18ஆம் வசனத்தை வாசியுங்கள், குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிப் பார்ப்பதால்தான் பலருக்கு அது தொண்டையில் நிற்கிறது.

இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனி உங்கள்மேல் எனக்குள்ள குறை. சாட்சி கெட்டுவிடும் என்று வீட்டு நிலைமையை ஏன் மறைக்கிறீர்கள்? "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கோம்" என்று ஞாயிறுதோறும் சொல்லிவிட்டு வருகிறீர்கள் அல்லவா, அதற்குச் சாட்சி என்று பெயரில்லை. பிலிப்பியர் கடிதத்துக்கே திரும்பிப் போங்கள். 4:10இல் பவுல் கர்த்தருக்குள் மிகவும் சந்தோஷப்பட்டதாக எழுதுகிறார். எதனால்? பிலிப்பி சபையார் தன்னை மறுபடியும் விசாரித்ததனால். அவர்கள் அனுப்பியதை எப்பாப்பிரோதீத்து சுமந்து வந்து சேர்த்தான். எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று அடுத்த வசனத்தில் எழுதுகிற அதே மனுஷன், தன் உபத்திரவத்தில் அவர்கள் உடன்பட்டது நல்லது என்று சொல்லவும் வெட்கப்படவில்லை. அவருடைய கஷ்டம் பிலிப்பிக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்த உதவி வந்தது. உங்கள் கஷ்டம் உங்கள் சபைக்குத் தெரியாது. அந்த மூத்த சகோதரிக்கும் தெரியாது என்பதை, அவர் பேசியதை நியாயப்படுத்தாமலேயே, ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. உங்களுக்குப் பல நாட்களாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவைத் தேவதூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூங்கினவனை மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. சிகிச்சைக்குப் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கூட்டத்துக்குப் போங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள். ஜெபக்குறிப்பு கேட்கும்போது, கணவருக்கு வேலை இல்லை என்பதைச் சொல்லுங்கள்; வாரத்தில் ஒரு மத்தியானம் மாமியார் பக்கத்தில் இருக்க யாராவது வர முடியுமா என்று நேராகவே கேளுங்கள். பொதுவாக "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னால், நம் ஆட்கள் ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

– ஆசிரியர்