வாசகர் கேள்வி பதில்: கடலோரக் கவுண்டியை ஆள்வது யார்?

கேள்வி: ஐயா, என் மகளும் மருமகனும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கடலோரக் கவுண்டி ஒன்றில் குடியிருக்கிறார்கள். புயல் வந்தபோது வீட்டைக் காலி செய்யச் சொன்னது, கடற்கரையில் மணல் கொட்டுவது, சாலை போடுவது எல்லாமே 'கவுண்டி கமிஷன்' என்கிறார்கள். அது நம் கலெக்டர் ஆபீஸ் போன்றதா, மாவட்ட ஊராட்சி போன்றதா?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்றதொரு பிரிவு. அதன் கமிஷனோ தாங்கள் சொன்ன இரண்டும் அல்ல. நம் மாவட்டத்தில் கலெக்டரிடம் குவிந்திருக்கும் அதிகாரத்தில் பெரும்பகுதியை வாக்காளர் தேர்ந்தெடுத்த ஐந்து பேரிடம் கூட்டாக ஒப்படைத்து, எஞ்சியதைத் தனித்தனியே தேர்ந்தெடுத்த வேறு ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு அது.

ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் கமிஷனுக்கு ஐந்து உறுப்பினர்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். எல்லாரும் ஒரே நேரத்தில் மாறிவிடாதபடி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பகுதியினருக்குத் தேர்தல் நடக்கும். தனிச் சாசனம் பெற்ற 20 கவுண்டிகள் இந்த அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். மயாமி-டேட் கவுண்டியில் 13 உறுப்பினர்களும், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரும் இருக்கிறார்கள். கமிஷன்தான் கவுண்டிக்கான சட்டங்களை இயற்றுகிறது, வரி விகிதத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் முடிவு செய்கிறது, நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கிறது. அன்றாட வேலைகளைப் பார்க்க ஒரு நிர்வாகியைச் சம்பளத்துக்கு நியமிக்கிறது. அவரை நீக்கும் அதிகாரமும் கமிஷனுக்கே உண்டு. மாநிலம் அனுப்பிய அதிகாரியின் கீழ் மக்கள் பிரதிநிதிகள் இயங்கும் முறைக்கு இது நேர் எதிரானது.

ஆனால் காவல் துறை கமிஷனின் கையில் இல்லை. காவல் பணியைக் கவனிக்கும் ஷெரீஃப், வரி வசூல் அலுவலர், சொத்து மதிப்பீட்டு அலுவலர், தேர்தல் அலுவலர், நீதிமன்ற எழுத்தர் ஆகிய ஐவரும் மாநில அரசியலமைப்பின்படி மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவோர். வரி விகிதத்தைக் கமிஷன் சொல்லும். சொத்தின் மதிப்பை வேறொருவர் கணிப்பார். பணத்தை மூன்றாமவர் வசூலிப்பார். கவுண்டியின் கணக்கைப் பெரும்பாலும் நீதிமன்ற எழுத்தரே பார்த்துக்கொள்வார். விகிதத்துக்கும் வரம்பு உண்டு: கவுண்டியின் பொதுச் செலவுக்காக, வரிக்குரிய மதிப்பில் 1,000 டாலருக்கு 10 டாலரைத் தாண்டக் கூடாது. பள்ளிகளுக்குத் தனி வாரியமும் தனி வரியும் உண்டு. கவுண்டிக்குள் இருக்கும் நகரங்களுக்குத் தனி மன்றங்கள் இருப்பதால், நகர எல்லைக்கு வெளியே வசிப்போர்தான் கமிஷனை முழுமையாக நம்பியிருப்பவர்கள்.

இனி கடலோரம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் பருவம். கடல்நீர் எவ்வளவு உட்புகக்கூடும் என்பதைப் பொறுத்து நிலப்பகுதியை ஏ, பி, சி என்று முன்கூட்டியே மண்டலங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கவுண்டியின் தரப்பில் உள்ளூர் நெருக்கடி நிலையை ஒரு தடவைக்கு 7 நாட்கள் வரை அறிவிக்கலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். தங்கள் மகளுக்கு வந்த வெளியேறும் உத்தரவு இந்த வழியில் வந்ததாகவே இருக்கும். மணல் கொட்டும் செலவின் ஒரு பகுதியை, விடுதிகளில் தங்கும் சுற்றுலாப் பயணிகளிடம் வாங்கும் வரியிலிருந்து கமிஷன் ஒதுக்க முடியும். நாள்தோறும் வண்டிகள் ஏறிவரும் உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் இந்த ஏற்பாட்டை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். வருகிறவர்களால் தேய்கிற இடத்தை, அவர்கள் தரும் பணத்தைக் கொண்டே பேண அங்கே உள்ளூர் மன்றத்துக்குச் சட்டம் வழி செய்து கொடுத்திருக்கிறது.

நம் மாவட்ட ஊராட்சிக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. மேலிருந்து வரும் மானியத்தில் அது நடக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சித் தலைவர் இணைத் தலைவர். ஆனால் மண் சரியும் இரவில் நாம் யாருடைய சொல்லுக்குக் காத்திருக்கிறோம் என்பது மலையில் இருப்போருக்குத் தெரியும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் ஊரக உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஃபுளோரிடாவில் தேர்தல் நாள் நாட்காட்டியில் நிலையாக இருப்பதால், மன்றமே இல்லாத இப்படியொரு இடைவெளி அங்கே விழுவதில்லை. இதை நான் சிறிய வேறுபாடாக நினைக்கவில்லை.

கேள்வி: இவ்வளவு அதிகாரத்தையும் தேர்தலில் நிற்பவர்களிடம் கொடுத்தால், கடற்கரை நிலத்தை வாங்கி விற்பவர்கள் பக்கம் அவர்கள் சாய்ந்துவிட மாட்டார்களா? நல்ல அதிகாரி ஒருவர் இருந்தால் போதாதா?
(வாசகர், குன்னூர்)

பதில்: தங்கள் அச்சம் நியாயமானது. ஃபுளோரிடாவின் கடற்கரையை நெருக்கி எழுந்திருக்கும் கட்டடங்களில் பலவும் ஏதோவொரு மன்றத்தில் கை தூக்கி அனுமதிக்கப்பட்டவைதான். நல்ல அதிகாரியின் அருமையை நீலகிரி மக்களும் அறிவார்கள். 2000-களின் தொடக்கத்தில் இங்கே பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டது மாவட்ட நிர்வாகத்தின் முனைப்பால்தான். அதே பைகளைத் தடை செய்ய ஃபுளோரிடாவின் கவுண்டி கமிஷன் ஒருமனதாக விரும்பினாலும் செய்ய முடியாது. உள்ளூர் மன்றங்கள் அதில் விதி போடக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றம் 2008-இல் தடுத்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் மேலும் மாநிலத்தின் கை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். கடற்கரையை ஒட்டிக் கட்டுவதற்கான கட்டுப்பாட்டுக் கோட்டையும் மாநிலமே வரைகிறது. நம் மலையில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் உள்ளூர் மன்றத்தில் பிறந்ததல்லவே.

ஆயினும் நல்ல அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார், அவருக்குப் பின் வருபவரிடம் நாம் மறுபடியும் மனு எழுத வேண்டும். சாய்கிற மன்றத்தைக் கட்டிப் பிடிக்க ஃபுளோரிடா கண்ட வழி வேறு. 1967-இல் வந்த திறந்த கூட்டச் சட்டத்தின்படி, கமிஷன் முன் வரக்கூடிய ஒரு விஷயத்தைப் பற்றி இரண்டு உறுப்பினர்கள் தனியே, தேநீர்க் கடையில்கூட, பேசிக்கொள்ளக் கூடாது. பேச்சு முழுவதும் முன்னறிவிப்போடு, பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும். மூடிய அறையில் எடுத்த முடிவு செல்லாது. தெரிந்தே மீறினால் அது குற்றம். வரி விகிதத்தை முடிவு செய்ய வழக்கமாக செப்டம்பரில் இரண்டு பொது விசாரணைகள் நடத்துகிறார்கள். வார நாளில் என்றால் மாலை 5 மணிக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களும் வந்து கேட்கட்டும் என்பதற்கு இது தோதானது. பதவியில் முறைகேடு செய்த உறுப்பினரை ஆளுநர் இடைநீக்கம் செய்யலாம். நிரந்தரமாக நீக்குவது மாநில செனட்டின் பொறுப்பு.

என் கருத்தைச் சொல்வதென்றால், உறுப்பினர்களின் நல்ல குணத்தை நம்பி இருப்பதைவிட அவர்கள் கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் சட்டத்தை நம்பலாம். நம் கிராம சபைக்கும் அந்த வலிமை உண்டு. ஆனால் கிராம ஊராட்சிக்கு மேலே போகப்போக, ஒன்றியத்திலும் மாவட்டத்திலும், பொதுமக்கள் எழுந்து நின்று கேட்கும் அத்தகைய சபை கிடையாது. மலைச் சரிவில் எங்கே கட்டலாம், எந்த ஓடையை விட்டுவைக்க வேண்டும் என்பது ஒரு கிராமத்தோடு முடிகிற கேள்வி அல்லவே.

கேள்வி: அங்கே வீடு வாங்கியிருக்கும் என் தம்பிக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை. வரி மட்டும் கட்டுகிறான். அவன் கமிஷனிடம் எதையாவது கேட்க முடியுமா?
(வாசகி, உதகை)

பதில்: வாக்களிக்க முடியாது, குடியுரிமை பெற்றோருக்கே அந்த உரிமை. ஆனால் கூட்டத்துக்குப் போகலாம், பேசுவதற்குப் பெயர் கொடுக்கலாம். பல கவுண்டிகளில் ஒருவருக்கு மூன்று நிமிடம் தருகிறார்கள். பொது ஆவணங்களை அங்கே எவர் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம் என்பதால், தன் தெருவுக்கான வடிகால் திட்டத்தையோ வெளியேற்ற வழியையோ அவர் எழுதிக் கேட்கலாம். வரி பற்றிய முன்னறிவிப்பு ஆகஸ்டில் அவர் முகவரிக்கே வரும். விசாரணை நடக்கும் நாளும் இடமும் அதில் அச்சிடப்பட்டிருக்கும்.