பைபாஸுக்கு நாலு லட்சம் கேக்குறாங்க, வட்டிக்கு வாங்கவா?

கேள்வி: அக்கா, நாங்க பாம்பன். வீட்டுக்காரரு விசைப்படகுல கூலிக்குப் போறவரு, இப்ப தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் கடலுக்குப் போக முடியாது. நெஞ்சுவலின்னு மதுரையில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சேத்தோம், மூணு அடைப்பு இருக்கு, பைபாஸ் பண்ணணும், நாலு லட்சம் ஆகும்ங்கிறாங்க. இதுவரைக்கும் வந்த பில்லுக்கே தோடு, செயின் எல்லாம் அடகுக்குப் போயிருச்சு. காப்பீட்டு கார்டு நாங்க எடுக்கவே இல்ல. படகு ஓனர்கிட்டயும் முன்பணம் வாங்கியாச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் வட்டிக்குத் தர்றேங்கிறாரு, வாங்கவா?

பதில்: வேணாம் தங்கச்சி, வாங்காத. ஆபரேஷன் இன்னும் நடக்கல, அதனால இப்பவும் வழி இருக்கு.

மொதல்ல டாக்டர்கிட்ட ஒன்னே ஒன்னு கேளு, இவரு சில நாள் தாங்குவாரா, உடனே பண்ணியே ஆகணுமான்னு. தாங்குவாருன்னா முதலமைச்சர் காப்பீட்டு கார்டு வேலையில இறங்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்குன்னு வி.ஏ.ஓ. கிட்ட சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார், அவரு ஆஸ்பத்திரில இருக்கிற அட்மிஷன் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துக்கு நீயோ கொழுந்தனோ போங்க, நெலமைய எடுத்துச் சொல்லுங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இதுல வரும், பைபாஸும் அடங்கும். ஆனா இப்ப கைக்காசைக் கட்டிட்டு அப்புறமா பில்லைக் காட்டி வாங்கிக்கலாம்னு மட்டும் நெனச்சிராத, பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், அதுவும் ஆபரேஷனுக்கு முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கணும். நிறைய பேரு ஏமாந்து போறது இந்த எடத்துலதான், கேக்கவே மனசு ஆறல.

அந்த ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கான்னு அங்க உள்ள காப்பீட்டு கவுன்டர்லயே கேளு, இல்லேன்னா 1800 425 3993க்கு போன் போடு, காசு கெடையாது. திட்டத்துல இல்லாத ஆஸ்பத்திரின்னா, இல்ல உடனே ஆபரேஷன் பண்ணணும்னாலும், மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்த முடியுமான்னு டாக்டர்கிட்டயே பேசு, அங்க இதய ஆபரேஷன் பண்றாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னு தயங்காத, பைபாஸ் முடிஞ்சு நல்லபடியா திரும்பக் கடலுக்குப் போறவங்க இருக்காங்க.

ஏற்கனவே போட்ட பில்லுக்கு மருந்து, டெஸ்ட், ரூம் வாடகைன்னு தனித்தனியா பிரிச்சுத் தரச் சொல்லு, கேக்குறது உன் உரிமை. பிரிக்காத மருந்து மிச்சமிருந்தா திருப்பிக் கொடுத்து கழிக்கச் சொல்லு. அப்புறம் நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதி, தடைக்காலம், வருமானம் இல்லன்னு சொல்லி குறைச்சுக்கச் சொல்லிக் கேளு, சில எடத்துல குறைப்பாங்க.

அதுக்கு மேலயும் இழுத்துச்சுன்னா எம்.பி. ஆபீஸ்ல பரிந்துரை லெட்டர் வாங்கி பிரதமர் நிவாரண நிதிக்கு எழுதலாம், முழுசா வராது, கொஞ்சம்தான் வரும், அதையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே போட்டுரணும். கார்டு வேலை எங்கயாவது மாட்டிக்கிச்சுன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல நேரா மனு கொடு, கையோட அட்மிஷன் சீட்டு நகலையும் வச்சு.