பின்னட்டைப் படம்

ஐயா, வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். என் முதல் கவிதைத் தொகுப்பை அச்சிட ஓர் எம்.பி. காசு தருவதாகச் சொல்கிறார். அவருடைய வாழ்த்துச் செய்தி முன்னுக்கும் படம் பின்னட்டையிலும் வர வேண்டுமாம். அந்தக் காலத்தில் அரசர்கள் எதையும் எதிர்பாராமல் புலவர்களைத் தாங்கினார்கள். இன்று எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இதை வாங்கலாமா? ஆறு கவிதைகள் இணைத்துள்ளேன்.

தம்பி,

'எதையும் எதிர்பாராமல்' என்று உமக்கு யார் சொன்னது? யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூலின் பெயர் செகராசசேகரம். சோதிட நூல், செகராசசேகரமாலை. இரண்டிலும் இருப்பது அரசனின் பட்டப்பெயர். உம்முடைய எம்.பி. பின்னட்டையோடு நிற்கிறார், அவர்கள் தலைப்பையே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வன்னிச் சிற்றரசர்களான வன்னிமைகளும் ஒல்லாந்தருக்கு யானையைத் திறையாகக் கட்டியவர்கள்தான். பொற்காலக் கதையை விடும்.

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனாரைப் படித்திருக்கிறீரா? பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்லவில்லை. மலைகளைத் தாண்டி அதியமானிடம் போனார். அவன் நேரில் பாராமல் பரிசிலைக் கொடுத்தனுப்பினான். என்னைக் காணாமல் தந்த பொருளை வாங்க நான் வாணிகப் பரிசிலன் இல்லை, தகுதி அறிந்து தந்தால் தினையளவு போதும் என்று பாடிவிட்டுத் திரும்பினார். சரி, வசதியான மனிதர் என்று நினைப்பீர். குமணனிடம் பாடிய பாட்டில் இவருடைய பிள்ளை பசியில் சோறில்லாத கலத்தைத் திறந்து பார்த்து அழுகிறது. தாய் புலி வருகுது என்று வெருட்டுகிறாள், நிலவைக் காட்டுகிறாள். அப்படிப்பட்ட வீட்டுக்காரன் வேண்டாம் என்றான். கொடுத்தவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான் குற்றம்.

முல்லைத்தீவுப் பக்கம், எங்கள் ஊரில் ஓர் அண்ணாவியார் இருந்தார். கோவலன் கூத்துப் பழக்குவார். காலபோகம் என்கிற மாரிகால வெள்ளாமை வெட்டிச் சூடடித்ததும் களத்திலேயே அவருக்கென்று ஒரு மரைக்கால் நெல் அளப்பார்கள். அப்பா அளந்து, மேலே ஒரு கை அள்ளிப் போடுவார். போடும்போதே, "போனமுறை கண்ணகி வழக்குரைக்கேக்க மத்தளம் பிந்திப்போச்சு, அண்ணாவியார்" என்பார். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உமக்குக் காது பழுது" என்று கத்துவார். நெல்லையும் கட்டிக்கொண்டு போவார். மறுவருடம் அதே இடத்தில் மத்தளம் சரியாக விழும், அடித்துவிட்டு அப்பா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்ப்பார்.

பிறகொரு காலத்தில் ஒரு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய பிரமுகர் அவர் பெயரைப் பிழையாக வாசித்தார். விடிய விடிய ஆடும் கூத்துக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள், அதற்கும் நிற்காமல் பிரமுகர் வாகனத்தில் ஏறிவிட்டார். அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொன்னாடை கடைசிவரை மத்தளத்துக்கு உறையாகக் கிடந்தது.

என்ன கேட்டீர்? காசு. உமது எம்.பி. ஒரு கவிதையையாவது வாசித்தாரா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. நீரும் கேட்டிருக்க மாட்டீர்.

நான் ஆறையும் வாசித்தேன். நான்கு தேறாது. குளக்கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கவிதை நல்லது, கடைசி மூன்று வரிகளை வெட்டும். வெட்டி அனுப்பும். அச்சுக்கூலி எவ்வளவு கேட்கிறார்கள் என்றும் எழுதும்.