லண்டனில் வெனிஸ் பாணி சிறு தட்டு உணவகங்கள், கொடுக்கும் காசுக்குத் தகுமா?

சாப்பாட்டுக்குத் தகும். பரிமாறிய லட்சணத்துக்கு, நான் போன இடத்தில், தகாது. கடைப் பெயர் வேண்டாம், சோஹோ பக்கம் என்பதோடு விடுகிறேன்.

வெனிஸில் ரியால்டோ சந்தையைச் சுற்றி பாகரோ என்கிற சின்னச் சின்ன ஒயின் கடைகள் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் சிக்கெட்டி என்கிற சிறு தீனிகள் வரிசையாக அடுக்கியிருக்கும்: ரொட்டித் துண்டின் மேல் மீன், இறைச்சி உருண்டை, அவித்த முட்டையில் பாதி என்று. எது வேண்டுமோ விரலால் காட்டி, ஒரு சின்ன கிளாஸ் ஒயினோடு நின்றபடியே தின்றுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். அங்கே பெரும்பாலும் யாரும் யாருக்கும் பரிமாறுவதே இல்லை, அதனால் பரிமாறுவதைப் பற்றிய புகாரும் கிடையாது!

லண்டனில் இது பரவியது 2009இல் ரஸ்ஸல் நார்மன் என்பவர் பீக் தெருவில் 'போல்போ' என்ற உணவகத்தைத் திறந்த பிறகுதான் (வெனிஸை வரைந்து தள்ளிய ஓவியர் கனலெட்டோ ஒரு காலத்தில் குடியிருந்த அதே கட்டடம்). நான் சொல்லப்போவது அந்தக் கடை இல்லை. ஆனால் இந்த வகைக் கடைகள் பலவற்றில் ஒரே ஏற்பாடுதான்: நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், மெனு தருவார்கள், "எது தயாராகிறதோ அது வரும்" என்பார்கள். அதாவது எதற்குப் பின் எதைச் சாப்பிடுவது என்று முடிவு செய்கிற வேலை உங்களிடமிருந்து அடுப்படிக்குப் போய்விடுகிறது. மேசையைக் கவனிக்க ஒரு நல்ல ஆள் இல்லையென்றால் அவ்வளவுதான்.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. நான்கு பேர். சூடான ஐட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கின, மேசையில் கை வைக்க இடமில்லை, முதலில் வந்திருக்க வேண்டிய சார்தே இன் சாவோர் (பொரித்த மத்தி மீனை வெங்காயம், வினிகர், உலர் திராட்சையோடு ஊறவைத்து ஆறிய பிறகு தருவது, முன்கூட்டியே செய்து வைக்கிற பண்டம், அதற்கு என்ன தாமதம்?) கடைசியில் வந்தது. ஒயின் வந்தபோது பாதித் தட்டுகள் காலி. நான்கு பேருக்கு மூன்று உருண்டை வைத்துவிட்டுப் போனார்கள், "இன்னொன்று சேர்க்கட்டுமா" என்று ஒரு வார்த்தை இல்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். எங்களோடு வந்த தோழி சைவம். பிகோலி இன் சால்சா என்ற பாஸ்தாவைக் காட்டி மீன் உண்டா என்று கேட்டாள். "எனக்குத் தெரிஞ்சு இல்லை" என்றார் பரிமாறியவர். அந்தச் சாஸே வெங்காயத்தோடு உப்பிட்ட நெத்திலியைக் கரைத்துச் செய்வது! உள்ளே போய்க் கேட்டு வரச் சொன்ன பிறகு "ஆமாம், இருக்கு" என்றார், அதோடு சரி, மன்னிப்பெல்லாம் இல்லை. ஒவ்வாமை உள்ளவராக இருந்திருந்தால்?

பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். இது பெரும்பாலான இடங்களில் விருப்பக் கட்டணம்தான், எடுக்கச் சொல்லலாம், சொன்னேன், முணுமுணுக்காமல் எடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் எங்களுக்குள் சண்டை. 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நிறைந்த கூடத்தில் இரண்டே பேரை ஓடவிட்ட முதலாளியை விட்டுவிட்டு அந்தப் பையன் காசில் கை வைத்தாயே என்றாள் தோழி. அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் நெத்திலி விஷயத்துக்குப் பிறகு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் அப்படித்தான்.

சாப்பாடு மட்டும் அருமை, அதை மறைக்க மாட்டேன். பக்காலா மந்தெகாத்தோ கட்டாயம் கேளுங்கள். நார்வேயிலிருந்து வரும், உப்பு போடாமல் காயவைத்த காட் மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் ஆகும்வரை அடிப்பார்கள். 1432 வாக்கில் கப்பல் உடைந்து நார்வேயின் லோஃபோடன் தீவுகளில் கரையேறிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினிதான் இந்தக் கருவாட்டை ஊருக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கருவாடு பிடித்தவர்களுக்கு இது பிடிக்காமல் போக வாய்ப்பே இல்லை.

போவதென்றால் வெள்ளி, சனி இரவு வேண்டாம். மொத்த ஆர்டரையும் ஒரேயடியாகச் சொல்லாதீர்கள், இரண்டு மூன்று தட்டு சொல்லி, அது வந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள், மெனுவைத் திரும்ப வாங்க வந்தால் கொடுக்காதீர்கள். பார் கவுன்டரில் இடம் கிடைத்தால் மேசையைவிட அதுவே மேல், ஆள் எதிரிலேயே நிற்பார். சைவமாக இருந்தால் நெத்திலி பற்றி மட்டுமல்ல, பாலாடைக்கட்டி பற்றியும் கேளுங்கள், பார்மிஜானோவில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் (பாலைத் திரைய வைக்கும் பொருள்) சேர்ப்பார்கள். பதிலைச் சமையல்காரரிடமிருந்தே வாங்கி வரச் சொல்லுங்கள்.