புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாகக் கேட்கிறது. இணைய இசை வகுப்பில் சேர்ந்ததும் ஒலி மங்கிவிடுகிறதே, ஹெட்செட் பழுதா?

பழுது இல்லை. புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

புளூடூத்தில் ஒலி போக இரண்டு வழிகள் உண்டு. பாட்டுக் கேட்கும்போது வேலை செய்வது ஏ2டிபி. அது கணினியிலிருந்து காதுக்கு மட்டும் செல்லும் ஒருவழிப் பாதை. ஸ்டீரியோவாக, நிறைவாகக் கேட்கும். வகுப்பில் நுழைந்து ஹெட்செட்டின் மைக்கும் திறந்த உடனே, கைபேசி அழைப்புகளுக்காக உருவான எச்எஃப்பி என்ற இருவழி முறைக்குக் கணினி மாறிவிடும். அதில் இரு திசைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். எனவே ஒலி மோனோவாகி (இரு காதிலும் ஒரே ஒலி), பெரும்பாலும் வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாக, அதாவது ஒலியை அத்தனை முறை மட்டும் அளந்தெடுப்பதாகச் சுருங்கிவிடும். மாதிரி எண்ணிக்கையில் பாதி அதிர்வெண் வரைதான் ஒலி தேறும் என்பதால் 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உங்கள் காதுக்கு வராது.

பேச்சுக்கு இது போதும், இசைக்குப் போதவே போதாது. நான் இணையத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வில் தந்தியில் உரசும் நயம் பெரும்பாலும் அந்த மேல் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் சுருதி கேட்கும், நாதம் கேட்காது.

இதற்குத் தீர்வு, கேட்பதையும் பேசுவதையும் இரண்டு கருவிகளிடம் பிரித்துக் கொடுப்பதுதான். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போங்கள். அவுட்புட்டில் ஹெட்செட்டையும் இன்புட்டில் மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். வகுப்பு நடக்கும் செயலியிலும் இதே தேர்வைச் செய்ய வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்; செயலி தன் விருப்பப்படி ஹெட்செட் மைக்கைத் திறந்துவிட்டால் மீண்டும் பழைய கதை. விண்டோஸ் 10-இல் ஒரே ஹெட்செட் 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்று இரண்டு பெயர்களில் தெரியும். ஸ்டீரியோவை எடுங்கள்.

புளூடூத்தின் எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தச் சிக்கலை அடியோடு தீர்க்க வந்திருக்கிறது. ஆனால் கணினி, ஹெட்செட் இரண்டும் அதை ஆதரிக்க வேண்டும். என் மாணவர்களிடம் நான் சொல்வது கம்பி இயர்போன்தான். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாகவே வரும். தாளத்தோடு வாசிப்பவருக்கு அது பெரிய தொல்லை. மடிக்கணினியில் ஒரே துளை இருந்தால், மூன்று கருப்பு வளையங்கள் கொண்ட பிளக்கில்தான் மைக் இணைப்பும் இருக்கும். இரண்டு வளையம் என்றால் கேட்க மட்டும். மேசைக் கணினியில் பெரும்பாலும் பச்சைத் துளை கேட்பதற்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு.

இத்தனையும் சரிசெய்த பிறகும் உங்கள் தம்புராவின் ஒலி ஆசிரியருக்குக் கேட்கவில்லை என்றால், காரணம் செயலியின் இரைச்சல் நீக்கம். மாறாமல் தொடரும் ஒலியை அது மின்விசிறிச் சத்தமாக எண்ணி அழித்துவிடும். சுருதியும் அப்படித் தொடரும் ஒலிதானே. ஜூமில் இதற்காகவே 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற தெரிவு இருக்கிறது. வாசிப்பவர் பக்கம் அதை இயக்க வேண்டும். ஆசிரியர் தன் கணினியில் மட்டும் இயக்கினால் உங்கள் ஒலி மாறாது.