பச்சை நீரும் இரண்டு மூட்டை டி.ஏ.பி.யும்

கேள்வி: வீராணம் ஏரியின் மேற்குக் கரையருகே, ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் வைத்திருக்கிறேன். பத்து நாட்களாகக் கரையோர நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் இருக்கிறது. மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்புகின்றன. சினைப் பசு ஒன்று மட்டும் குடித்துவிட்டது. மாடுகள் இறங்கும் ஏரித்துறையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்கிறார் உரக்கடைக்காரர். எவ்வளவு போடலாம்? நெல்லுக்கு ஏக்கருக்கு இரண்டு மூட்டை டி.ஏ.பி. அடியுரமாகவும், ஒரு மூட்டை 17:17:17 காம்ப்ளக்ஸ் உரத்தை மேலுரமாகவும் இட்டேன். பயிர் நன்றாகவே இருக்கிறது.
- ஸ்ரீமுஷ்ணம் வட்டார விவசாயி

பதில்: ஒரு கைப்பிடிகூடப் போடாதீர்கள். நீங்கள் சொல்வது நீலப்பச்சைப் பாசி போலத் தெரிகிறது. அதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உடலுக்குள் வைத்திருக்கும். மயில்துத்தம் பட்டால் பாசி உடைந்து அந்த நஞ்சு முழுவதும் நீரில் கலந்துவிடும், மீனும் சாகும். ஏரியில் மருந்து கலக்க உங்களுக்கோ எனக்கோ உரிமையும் இல்லை. சென்னைக்குக் குடிநீர் போவது அங்கிருந்துதான். நஞ்சுள்ள பாசியா என்பது கண்ணால் பார்த்துத் தெரியாது, காய்ச்சினாலும் நஞ்சு போகாது. மாடுகளுக்குக் கிணற்று நீரைத் தொட்டியில் வையுங்கள். சினைப் பசுவை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கென்று முறிமருந்து கிடையாது. நாள் கடத்தினால் மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகும்.

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏரியில் பாசியைக் கொழுக்க வைப்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்); நீங்கள் இட்ட இரண்டு உரத்திலும் அது இருக்கிறது. பொதுப் பரிந்துரைப்படி நெல்லுக்கு எக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து, அதாவது ஏக்கருக்கு 20 கிலோ போதும். ஒரு மூட்டை டி.ஏ.பி.யிலேயே 23 கிலோ இருக்கிறது. நீங்கள் இட்டது, 17:17:17-இல் உள்ளதையும் சேர்த்து, ஏறக்குறைய 54 கிலோ! மண் பரிசோதனையில் மணிச்சத்து எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அந்த ஒரு மூட்டையையும் குறைக்கலாம். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். மூட்டை விற்றால்தான் அவருக்கு வருமானம். உங்கள் மண்ணை அவர் கையில் எடுத்துக்கூடப் பார்த்ததில்லை. நெல்லுக்கு மணிச்சத்தை மேலுரமாக இடச் சொல்வது பச்சை வியாபாரம். பயிர் நன்றாக இருப்பது தழைச்சத்தின் (நைட்ரஜன்) பச்சை. அதைப் பார்த்து மணிச்சத்துக்கு நன்றி சொல்லாதீர்கள்.

மிஞ்சிய மணிச்சத்து களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மண் நகர்ந்தால் அதுவும் நகரும். ஏரியின் கிழக்கே உள்ள பாசன வயல்களின் வடிகால் ஏரிக்குத் திரும்புவதில்லை. உங்கள் பக்கம் அப்படியல்ல. மழை பெய்தால் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மேற்கேயுள்ள மண்ணை வழித்துக்கொண்டு ஏரியில் இறங்குகின்றன. வடவாறு கொண்டுவரும் நீரிலும் ஊர்க்கழிவு உண்டு, பழி முழுவதும் உங்களுடையது என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மடை உங்கள் கையில் இருக்கிறது.

தொழி கலக்கிய (நடவுக்கு வயலைச் சேறாக்கிய) நீரை அன்றே வடிக்காதீர்கள், மண் அடியில் படியட்டும். உரமிட்ட பிறகு ஐந்து நாட்களாவது மடையை அடைத்து வையுங்கள். வடிகால் வாயில் இரண்டு வரிசை வெட்டிவேர் நட்டால் மண் அங்கேயே நிற்கும். எருக்குழி கரைச்சரிவில் இருந்தால் மழைக்கு முன் மேட்டுக்கு மாற்றுங்கள்.

அறுவடை முடிந்ததும், அடுத்த மூட்டை வாங்குமுன், மண் மாதிரியைப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவை எனக்கு அனுப்புங்கள்; அடுத்த போகத்துக்கு எத்தனை கிலோ என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.